எட்டில் ஒரு பங்கு

பிப்ரவரி 6
மூன்றாம் மாதப் பரிசோதனை. ஆறாம் வகுப்புக்குப் பின்னங்கள் நடத்திவிட்டு நேராக டாக்டரம்மாவிடம் போனேன். இரும்புச்சத்து குறைவு, சர்க்கரை சரி, சிபிலிஸ் பாசிட்டிவ். மூன்றையும் காய்கறி விலை சொல்லும் குரலிலேயே சொன்னார். அதற்கு நன்றி.

"இது முதல் டெஸ்ட்தான். கர்ப்பத்துல சில சமயம் தப்பாவும் பாசிட்டிவ் காட்டும். இன்னொண்ணு பார்த்துட்டுச் சொல்றேன்."

ஆக, குற்றச்சாட்டு மட்டுமே பதிவாகியிருக்கிறது. தீர்ப்பு வரவில்லை.

பிப்ரவரி 9
தீர்ப்பு வந்துவிட்டது. இரண்டாவது சோதனையும் பாசிட்டிவ். முதல் சோதனையின் அளவு, ஒன்றுக்கு முப்பத்திரண்டு.

"விட்டா குழந்தையைத் தாக்கும். வயித்துலயே போயிடவும் கூடும். இப்பவே ஊசி போட்டா பெரும்பாலும் காப்பாத்திடலாம்."

'பெரும்பாலும்' என்றால் எவ்வளவு என்று கேட்க வாய் வரவில்லை.

பிப்ரவரி 11
என் கணவருக்கும் பாசிட்டிவ். வாகன விபத்துகளில் தவறு யாருடையது என்று எழுதி இன்சூரன்ஸ் கம்பெனியில் சம்பளம் வாங்குபவர். இன்று ஒரு வரியும் எழுத வரவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடி... ஒரு புண்ணு வந்துது. தானா ஆறிடுச்சு. போயிடுச்சுன்னு நினைச்சேன்."

"கல்யாணத்துக்கு நீங்க எனக்கு ஒண்ணுமே தரலைன்னு ரெண்டு வருஷமா குறை சொல்லிட்டிருந்தேன். மன்னிச்சுக்குங்க."

அவர் அழுதார். நான் விடைத்தாள் திருத்தினேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் குறைத்துப் போட்டிருக்கிறேன். நாளை மறுபடி பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 19
இருவருக்கும் இரண்டாவது பெனிசிலின். அடுத்த வாரம் இன்னொன்று. உட்கார முடியாமல் இருவரும் கூடத்தில் நின்றுகொண்டிருந்தோம். மாமியார் விசாரணை நடத்தினார்.

"என்ன ஊசிடா?"

"சத்து ஊசிம்மா."

"ரெண்டு பேருக்குமா? மாசமா இருக்கறது அவ ஒருத்திதானே?"

ஜூன் 12
மறு பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. ஒன்றுக்கு எட்டு.

முப்பத்திரண்டில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்காகிவிட்டது. நான்கு மடங்கு பெருகியிருக்கிறது. எட்டில் ஒன்றுதான் சிறியது என்று என் வகுப்பில் ஒரு பிள்ளை சொன்னால் விடுவேனா?

டாக்டரம்மா நாளைதான் வருவாராம். ஊசியெல்லாம் வீணா? — உதைக்குதே, இப்பக்கூட உதைக்குதே, நான் என்ன பண்ணுவேன்.

அவரிடம் காட்டினேன். "நாலு மடங்கா?" என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். பிப்ரவரிக்குப் பிறகு முதல் முறையாக அவர் கையைப் பிடித்தேன். விழுந்துவிடுவாரே என்றுதான்.

ஜூன் 13
டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"டீச்சர், நீங்க என்ன பாடம் எடுக்கறீங்க?"

"கணக்கு."

"அதான்."

ரத்தத்தில் தண்ணீர் கலந்துகொண்டே போவார்களாம், மனசாட்சி இல்லாத பால்காரரைப் போல. எதுவரை கலந்தும் நோயின் அடையாளம் தெரிகிறதோ, அதுதான் அளவு. முதலில் முப்பத்திரண்டு மடங்கு நீர்த்தும் தெரிந்தது. இப்போது எட்டைத் தாண்டினால் தெரிவதில்லை.

"அப்போ இறங்கியிருக்கா?"

"நாலு மடங்கு இறங்கியிருக்கு. ஊசி வேலை செய்யுது. உறுதிப்படுத்த ரெண்டாவதா எடுத்தோமே, அந்த டெஸ்ட் மட்டும் அனேகமா ஆயுசுக்கும் பாசிட்டிவாவே இருக்கும், நோய் போனாலும். யாராவது பார்த்துட்டுப் பயமுறுத்தினா பயந்துடாதீங்க."

காரணம் போன பிறகும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் உறவினர்கள் சிலர் நினைவுக்கு வந்தார்கள்.

நான்கு மடங்கு என்றேனே, அது சரிதான். திசைதான் தவறு. பாதி மார்க் போட்டுக்கொண்டேன். தெருவில் இறங்கியதும் எனக்கும் கூட வந்திருந்த அவருக்கும் சிரிப்பு. மூச்சு வாங்கும்வரை சிரித்தோம்.

ஆகஸ்ட் 21
பெண். மூக்கு மாமியாருடையது. அதற்கு மருந்தில்லை.

குழந்தையின் ரத்தத்தில் ஒன்றுக்கு இரண்டு. எனக்கு ஒன்றுக்கு நான்கு. இந்த முறை நான் பதறவில்லை, அவர் பதறினார்.

"அது அம்மா உடம்புலேர்ந்து வந்தது, சார். குழந்தைக்கு நோய் இருக்கற அறிகுறியே இல்ல. தானா கரையணும். மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்."

நவம்பர் 24
மகளின் ரத்தத்தில் ஒன்றுமில்லை. தண்ணீரே கலக்காமல் பார்த்தும் ஒன்றுமில்லை.

லேப் வாசலில் அவர் அதை விபத்து ரிப்போர்ட் படிப்பதுபோல் மேலிருந்து கீழ்வரை படித்தார், பிறகு கீழிருந்து மேல்.

"இனிமேலாவது என்கிட்ட சாதாரணமா பேசுவியா?"

"நான் எப்பங்க சாதாரணமா பேசியிருக்கேன்?"

ஊசி குத்திய கோபத்தில் மகள் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திக்கொண்டிருந்தாள். நல்ல நுரையீரல். சமாதானப்படுத்தும் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிட்டு, நான் முன்னால் நடந்தேன்.