அடுக்களை அலமாரிக்குத் தேய்த்த எண்ணெய்

திருவனந்தபுரம், ஆரியசாலை
கொல்லம் 1127 ஐப்பசி 14

பம்பாய் மாதுங்காவில் இருக்கும் என் மகன் குற்றாலலிங்கத்துக்கு அப்பா பிச்சையா பிள்ளை சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மையும் தங்கச்சி உலகம்மையும் சாமி புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் பிள்ளையும் தீனமொன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் வந்து, அதை யாராவது வாசித்து என் காதில் விழுந்தால்தான் எனக்கு நிம்மதி. எப்போதும் உலகம்மைதான் எழுதுவாள், இது அவளுடைய சங்கதி என்பதால் அவளிடம் சொல்ல முடியாது, அதனால் அடுத்த வீட்டு நேசமணி வாத்தியாரைக் கூப்பிட்டு உட்கார்த்தியிருக்கிறேன். நான் சொன்னது சொன்னபடி எழுத வேண்டும், உமக்குத் தோன்றியதைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு பக்கமும் முடிந்தவுடன் உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். வாத்தியார் நல்லவர்தான், ஆனாலும் பேனா அவர் கையில் அல்லவா இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உலகம்மைக்கு இரணியலில் இருந்து ஒரு கல்யாண ஆலோசனை வந்திருக்கிறது. பையன் பெயர் அழகியநம்பி, உன் பம்பாயிலேயே ரெயில்வே ஆபீசில் குமாஸ்தா. தகப்பனார் இல்லை, தாயார்தான் தென்னந்தோப்பையும் மாடுகளையும் பார்த்து அவனை ஆளாக்கியிருக்கிறாள். நம்மைப் போலவே சைவம், மீன் வாடை அறியாத அடுப்பு என்று தரகன் சொன்னான், தரகன் சொல்வதில் பாதியை நான் அங்கேயே கழித்துவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் உன் அம்மைக்கு வேறொன்றும் கண்ணில் படவில்லை, அடுக்களை அலமாரிதான் பட்டது. நம்மவர்களில் மாப்பிள்ளையின் தாயார் முன்னறையில் உட்கார்ந்து பெண்ணைப் பார்ப்பது பேருக்குத்தான், பிறகு குடிக்கத் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டு நேரே அடுக்களைக்குள் வந்துவிடுவாள், அங்கே பார்ப்பதுதான் பார்வை. உனக்குப் பெண் பார்க்கப் போனபோது உன் அம்மை உன் மாமியார் வீட்டில் உப்பு போட்டு வைக்கிற மரவையைத் திறந்து மோந்து பார்த்தவள், அதனால் அவளுக்கு அந்தப் பயம் அதிகம்.

அலமாரியை உனக்குத் தெரியும், அடுப்புக்குப் பக்கத்தில் சுவரோடு சேர்ந்து நிற்கிறது. ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் வருஷப் பெருவெள்ளத்தில் கரமனை ஆற்றில் ஒதுங்கிய அயினிப்பலாத் தடியை லேலத்தில் விலை கேட்டு எடுத்துச் செய்தது, எந்தப் பலகையில் கணு எந்தப் பக்கம் இருக்கிறது என்று இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இத்தனை வருஷப் புகையில் கறுத்து, ஒரு கதவு தொங்கிப்போய், கீழ்த்தட்டில் கரையான் ஏறியிருந்தது வாஸ்தவம். புதுசு வாங்கலாம் என்று உன் அம்மை சொன்னதால் சாலைக் கம்போளத்துக் கடைகளில் போய்ப் பார்த்தேன், தேக்கு என்று காட்டினதை நகத்தால் கீறினேன், சாயம் பூசின பாழ்மரம். கல்யாணச் செலவு முன்னால் நிற்கும்போது அதற்குக் கொட்டிக் கொடுக்க முடியுமா. அப்போதுதான் தாணு ஆசாரி வந்தான். கூட்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம், கதவுப் பலகைகளைக் கழற்றித் திருப்பிப் போட்டால் கறுத்த பக்கம் உள்ளே போய்விடும், வெளியே வருகிற பக்கத்தை இழைத்தால் புதுசு போல ஆகிவிடும், கதவில் உளுத்துப்போன மேல்பலகைக்குப் பதில் கம்பிவலை அடிக்கலாம், புதுக் கீல் போட்டுப் பச்சைப் பெயிண்ட் அடித்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது என்றான். கேட்க நன்றாய் இருந்தது, ரொம்ப நன்றாய் இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பலகைகளை என் பட்டறைக்குக் கொண்டுபோய் இழைக்கிறேன் என்று வேறு சொன்னான். அயினியை எடுத்துக்கொண்டு மாம்பலகையைத் தந்துவிடுவான் என்று ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் ஆணியால் ஒரு கீறல் போட்டு அனுப்பினேன். பலகைகள் வந்தன, கீறல்களும் இருந்தன. அவனே பார்த்துவிட்டு வேறு பலகையில் கீறியிருக்கக் கூடாதா என்று கணுக்களையும் தடவிப் பார்த்தேன், கணுக்களும் சரியாகவே இருந்தன. இவ்வளவு பார்த்தவன் அவன் கொண்டுவந்த தகர டப்பாவைத் திறந்து பார்க்காமல் போனேன்.

நான் ரேஷன் கடை வரிசையில் நின்ற நேரத்தில், கரையானுக்கு மருந்து என்று சொல்லி அலமாரிக் கூட்டுக்கு உள்ளும் புறமும் ஏதோ எண்ணெய் தேய்த்து அதற்கு மேலேயே பெயிண்ட்டையும் அடித்துவிட்டான். வாசலில் கால் வைக்கும்போதே எனக்குப் பிடிபட்டுவிட்டது. வலியதுறைக் கடல்பாலத்தில் நான் மிளகு மூட்டைக்குக் காவல் நின்ற காலத்தில் பக்கத்தில் மீனெண்ணெய்ப் பீப்பாய்கள் கிடக்கும், அந்த வாடை மூக்கில் ஏறினால் செத்தாலும் மறக்காது. இது மீனெண்ணெய் என்று நான் சொன்னதற்கு உன் அம்மை, ஒங்களுக்கு எங்க பாத்தாலும் ஒரு வாடை, போன மாசம் பால்ல கொளத்துத் தண்ணி வாடைன்னு சொன்னிய, அதுக்கு முந்தி சாம்பார்ல ஆரோ கையிட்ட வாடைன்னு சொன்னிய, நாளைக்கு அவாள் வரப்பட்ட நேரத்துல இத வேற கெளப்பாதிய என்று வாயை அடைத்துவிட்டாள். ஆசாரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன், பிள்ளைவாள், கரையானும் வரப்பிடாது காசும் எறங்கப்பிடாதுன்னு சொன்னது நீருதானே, உப்புத் தண்ணியில கெடக்கப்பட்ட வள்ளத்துக்கே இந்த எண்ணெய்தான் காவலு, ஒம்ம பருப்பு டப்பாவுக்குப் போதாதோ என்று கேட்டான். என்ன எண்ணெய் என்று சொல்லடா என்றால், எண்ணெய்னா எண்ணெய்தான் வேய், அதுக்குப் பேரு வச்சுச் சோறு ஊட்டவா என்கிறான். ஐப்பசி மழையில் பெயிண்ட் காயவும் இல்லை, தொட்டால் கையில் பிசுபிசுவென்று ஒட்டியது, சுரண்டவும் நேரம் இல்லை. உன் அம்மைக்கும் உள்ளுக்குள் சந்தேகம் வந்துவிட்டது போல, மறுநாள் காலையில் இருந்தே சாம்பிராணி போட ஆரம்பித்தாள், வீடு முழுக்க ஒரே புகை.

வந்தார்கள். தாயாரும் அவளுடைய அண்ணனும். உலகம்மை நமஸ்காரம் செய்தாள், பேசினார்கள், எல்லாம் சரியாகவே நடந்தது. வடைக்கு எண்ணெய்ச் சட்டியை வைத்து அடுப்பு நன்றாய் எரிந்ததும் பக்கத்தில் நின்ற அலமாரி சூடேறி, மகனே, என்ன சொல்ல, யாரோ நம் அடுக்களையில் சட்டி நிறைய மத்தி பொரிப்பது போல வாடை கிளம்பியது. சைவ வீடு என்று சொல்லிப் பெண் கொடுக்கிறோம், அடுப்பில் இருந்து மீன் மணக்கிறது, இந்த ஆலோசனை போவதோடு நிற்காது, இரணியலில் சொன்னால் நாகர்கோவில் வரைக்கும் போகும், அதற்கப்புறம் உலகம்மையை யார் கேட்டு வருவார்கள். அந்த நேரம் பார்த்து அந்த அம்மாள் குடிக்கத் தண்ணீர் என்று எழுந்து உள்ளே போனாள். நான் நடை மறைவில் நின்று பார்த்தேன். அவள் தண்ணீர் குடிக்கவில்லை. அலமாரிக்கு முன்னால் போய் நின்றாள், கதவைத் திறந்தாள், உள்ளே விரலால் தடவி மோந்து பார்த்தாள். உன் அம்மை சட்டியில் வடை கருகுவதைக்கூடப் பார்க்கவில்லை. அப்போது அந்த அம்மாள் மெதுவாக, மைனி, இது மத்தி நெய்யில்லா, ஆசாரி ஒங்கள நல்லா ஏச்சுப்போட்டான், எங்க மாட்டுத் தொழுத்து உத்தரத்துக்கு இதத்தான் தேய்ப்போம், பெயிண்டச் சொரண்டிப்போட்டு சாம்பலும் சீயக்காயும் வச்சு ரெண்டு வட்டம் தேச்சு கதவத் தொறந்து போடுங்கோ, போயிரும் என்றாள். முன்னறைக்கு வந்ததும் அவள் அண்ணன் மூக்கைச் சுளித்துக்கொண்டு என்ன ஒரு மாதிரி வாடை என்று கேட்டார். அவள் கொஞ்சமும் தடுமாறாமல், சாம்பிராணி கூடிப்போச்சு அண்ணாச்சி, மட்டமான சரக்கு, ஒங்களுக்கு வடை வேணுமா வேண்டாமா என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டாள். பெண்ணைப் பிடித்திருக்கிறது, நகை நட்டு உங்கள் இஷ்டம், மாதம் முடிவதற்குள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

உன் அம்மை அன்றிலிருந்து அந்த அம்மாளைத் தெய்வம் என்கிறாள். எனக்கு அப்படித் தெரியவில்லை. தொழுவத்து உத்தரத்துக்கு மீனெண்ணெய் தேய்ப்பது உண்டு, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பெயிண்ட்டுக்கு அடியில் கிடப்பதை ஒரே மோப்பத்தில் மத்தி என்று மீன் பெயர் வரைக்கும் சொல்லுகிற சைவத்தி யார். எனக்கே மீனெண்ணெய் என்றுதான் தெரிந்தது, மத்தியா அயிலையா என்று தெரியவில்லை. இந்த இடத்தில் வாத்தியார் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறார், மத்தி மத்தின்னு சொல்லி எனக்குப் பசி எடுத்துட்டு பிள்ளைவாள் என்கிறார், அவர் வீட்டில் அது தினப்படி, அவருக்கு என் கஷ்டம் புரியாது. இன்னொன்று, சொந்த அண்ணனிடம் முகம் மாறாமல் பொய் சொல்லத் தெரிந்தவள் நம்மிடம் எத்தனை சொல்லியிருப்பாள். நகையைப் பற்றிக் கேட்காதது இன்னும் பெரிய சந்தேகம், கேட்காதவர்கள் பிறகு கேட்பார்கள், அல்லது பையனிடம் ஏதோ இருக்கிறது. ஆகையால் நீ சொல்லாமல் கொள்ளாமல் அவன் தங்கியிருக்கிற இடத்துக்குப் போ, தரகன் தந்த விலாசச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். சாப்பாட்டு வேளையாய்ப் பார்த்துப் போ. எந்த மெஸ்ஸில் சாப்பிடுகிறான், அங்கே என்ன சமைக்கிறார்கள், கை கழுவிவிட்டு வந்தால் கையில் என்ன மணக்கிறது என்று பார். கூட இருக்கிறவர்களிடம் தனியாய்க் கேள். தின்கிறான் என்றாலும் தின்னவில்லை என்றாலும் எனக்கு எழுது, தின்றுவிட்டு ஒளிக்கிறான் என்றால் உடனே எழுது.

இவ்வளவும் எழுதி, வாத்தியார் என் சொல்படி உரக்க வாசித்துக்கொண்டிருக்கும்போது உலகம்மை அவருக்குக் காப்பி கொண்டுவந்தாள், அவ்வளவு நேரமும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் அவளை அதட்டப் போனேன், அவள் டம்ளரை வைத்துவிட்டு நின்ற நிலையில், அப்பா, அந்த மாமி இத முன்னறையில நாலு பேரு கேக்கச் சொல்லியிருக்கலாம், சொல்லல, அடுக்களையில அம்மைட்ட மட்டும் சொன்னா, அவ அண்ணன்ட்ட பொய் சொன்னது நம்ம மானத்துக்குத்தானே என்றாள். பொய் பொய்தான் என்றேன். அதற்கு அவள், சரி, பொய் வேண்டாம்னா நாமளும் சொல்ல வேண்டாம், அண்ணன் அங்க போயி ஒளிஞ்சு நின்னு கைய மோந்து பாக்க வேண்டாம், நேர போயி நடந்தத அப்பிடியே சொல்லட்டும், மீனெண்ணெய் தேச்ச அலமாரிய வச்சுத்தான் எங்க தங்கச்சியக் காட்டினோம், ஒங்க அம்மை எங்களுக்காகச் சாம்பிராணி மேல பழி போட்டாள்னு, அதக் கேட்டு அவரு சிரிச்சா எனக்குச் சம்மதம், மூஞ்சியத் தூக்கினா நான் இங்கயே கெடக்கேன், மீனு தின்னாரா தின்னலையான்னு எனக்குக் கேக்கண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று நானும் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. கட்டிக்கொண்டு போகிறவள் அவள். ஆகையால் மேலே எழுதின மெஸ் சங்கதி, கை மணக்கிற சங்கதி எல்லாவற்றையும் விட்டுவிடு. வாத்தியாரை அடித்துவிடச் சொன்னேன், நல்ல காகிதம் பாழாகும் என்று அடிக்கவில்லை, நீ படித்ததை மறந்துவிடு.

நீயும் மருமகளும் பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், கை நிறைய, வீடு நிறைய நல்லபடி இருக்க வேண்டும். உன் அம்மையும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். பதிலைக் கார்டில் எழுதாதே, நம் தபால்காரன் வீட்டுக்கு வீடு படித்துக்கொண்டே வருகிறான், கவரில் வைத்து நன்றாய் ஒட்டி, உலகம்மை பெயருக்கே போடு, அவளே உடைத்து வாசித்துக்கொள்ளட்டும். அழகியநம்பியைக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பார், மாதம் முடிவதற்குள் நான் வார்த்தை சொல்ல வேண்டும். நடந்ததைச் சொல்லும்போது நீ முதலில் சிரித்துவிடாதே. அவன் கேட்டவுடன் சிரிக்கிறானா, இல்லை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதற்கப்புறம் சிரிக்கிறானா என்று கவனி. இரண்டும் ஒன்றல்ல.

இப்படிக்கு
உன் அப்பா பிச்சையா பிள்ளை
இடது பெருவிரல் ரேகை
சொல்லக் கேட்டு எழுதியது: நேசமணி