பெயர் சொல்லக் கூடாத உபயம்

அன்பு மகன் யுகேந்திரனுக்கு, புந்தோங்கிலிருந்து அம்மா விமலா எழுதுவது. இங்கே மூவரும் மூச்சோடு இருக்கிறோம், கடல் தாண்டி மிரியில் வேலை பார்க்கும் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க மாரியம்மன் பார்த்துக்கொள்ளட்டும். (அண்ணே, சொல்வது அம்மா, எழுதுவது உன் தங்கை துளசி. அடைப்புக்குள் வால் நீட்டுவதும் நானே.) போனை நம்ப முடியவில்லை, அதனால் நாளை அங்கே வரும் பக்கத்து வீட்டு ரூபன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அப்பா பேஸ்புக்கில் நடத்தும் செய்திப் பக்கத்துக்குத் தேர்தல் அறிவித்ததுமே புதுக் கேமராவும் டுரோனும் வந்தன. கொடுத்தவர் ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வைத்திருக்கும் தர்மேந்திரன். எங்க வேட்பாளரை மட்டும் அழகா காட்டுங்க அண்ணே, என் பேரு வேணாம், சும்மா செய்திதானே லா என்றாராம். உன் அப்பாவோ காலமெல்லாம் கோயில் மைக் பிடித்தவர். ஒரு மூட்டை அரிசி தந்தாலும் உபயம் இன்னார் என்று ஊரறியச் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. வேட்பாளர் மேடையேறியதும் நேரலையில் அதே ராகத்தில், இந்தக் கேமரா, டுரோன் உபயம் ஜெலாப்பாங் தர்மேந்திரன், வேட்பாளர் வெற்றிபெற வேண்டி வழங்கியது, அவர் குடும்பம் தழைக்கட்டும் என்று வாழ்த்திவிட்டார். (டுரோனும் பறந்தது, மேடையில் இருந்தவர்களின் முகக்களையும் பறந்தது. விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றோடு சரி.)

எதிர்த்தரப்பு அந்த வீடியோத் துண்டைப் பரப்பி, இது வேட்பாளரின் செலவுக் கணக்கில் வருமா என்று தேர்தல் ஆணையத்தில் புகார் கொடுத்துவிட்டது. மறுநாள் தர்மேந்திரன் இரண்டு பேரோடு வந்தார். கோபமே இல்லை, அதுதான் எனக்குப் பயம். வாய் தவறிச் சொல்லிட்டேன்னு ஒரு வீடியோ போட்டுருங்க அண்ணே, கதை முடிஞ்சிரும் என்றார். கொடுத்தவன் பேரைத்தானே சொன்னேன், அதுல என்ன தப்பு என்று அப்பா மறுத்தார். சிரித்தபடியே அப்பாவின் போனை வாங்கித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, மகன் மிரியில நல்லா இருக்காரா என்று விசாரித்தார். உன் கம்பெனி பெயரை நாங்கள் சொல்லவில்லை ராசா, அவரே சொன்னார். அன்றிலிருந்து வீட்டுக்கு எதிர்ப்புறத்தில் ஒரு கார் நிற்கிறது, யாரும் இறங்குவதில்லை. நேற்றிலிருந்து அப்பாவின் பேஸ்புக் பக்கத்தில் நேரலையாக அவர் குரல் வருகிறது, பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறது. அது முதலில் வந்த நேரம் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். (எத்தனையோ பேர் குரலில் பேசி ஆளை ஏமாற்றியிருக்கிறேன் அண்ணே. சத்தியமாக இது நான் இல்லை.)

திங்கட்கிழமை அப்பா நேரில் போய் அந்தப் புகாரில் சாட்சி சொல்லப் போகிறார், தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. நீ ஓட்டுப் போட வரும் நாளை யாரிடமும் சொல்லாதே, விபூதி வைக்காமல் வெளியே போகாதே. அம்மன் உன் முன்னும் பின்னும் நடக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே ராசா, அப்பா குரலில் யார் கூப்பிட்டாலும் போகாதே.

உன் அம்மா,
விமலா
(கையெழுத்து என்னுடையது, பயம் இருவருடையதும். துளசி)