படம் விழாத வயிறுகள்

நேற்று அடையாறில் மருமகளை ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கூடத்தில் ஏழெட்டுக் கர்ப்பிணிகள், ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில். குடித்துவிட்டு, அடக்கிக்கொண்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று கதவையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மருமகள் கோபித்துக்கொண்டாள். நீ பக்கத்தில் இருந்திருந்தால் என்னைவிடச் சத்தமாகச் சிரித்திருப்பாய் என்பதை அவளுக்கு எப்படி விளக்குவது?

எழுபதுகளின் கடைசி. மயிலாப்பூரில் நான் எக்ஸ்ரே டாக்டராக இருந்த ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் மெஷின் வந்திறங்கியது. பீரோ அளவு இருக்கும். வயிற்றில் எண்ணெய் தடவி, கருவியை மெதுவாக இழுத்தால் திரையில் வெள்ளையும் கறுப்புமாக ஏதோ விழும். நீயோ மதுராந்தகத்துக்கும் அப்பால், பஸ் விட்டு இறங்கி வரப்பில் நடக்க வேண்டிய ஊர்களில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாய். காலேஜில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பாவத்துக்கு, சந்தேகமான கேஸையெல்லாம் என் தலையில் கட்டினாய்.

வந்தவர்களுக்குத்தான் படமே விழவில்லை. காலையில் மயிலாப்பூர் மாமிகளுக்குப் பளிச்சென்று காட்டிய மெஷின், மத்தியானம் உன் ஊர்ப் பெண்களுக்கு மசமசவென்று காட்டியது. மூத்திரப்பை நிரம்பியிருந்தால்தான் அதன் வழியாகக் கருப்பையின் அடிப்பக்கம் தெரியும். அதனால் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லியிருந்தோம். "குடிச்சியாம்மா?" என்றால் எல்லோரும் "குடிச்சேன்" என்றார்கள். நான் எண்ணெயை மாற்றிப் பார்த்தேன், கரண்டைத் திட்டினேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "யாரு எந்த ஊருன்னு மெஷினுக்கு எப்படிடி தெரியும்?" என்றாய். எதற்கும் ஏன் என்று தெரியாவிட்டால் உனக்குத்தான் சோறு இறங்காதே.

அந்தச் சமயத்தில்தான் கன்னியம்மா வந்தாள். ஏழாம் மாதம், வலியே இல்லாமல் ரத்தம் பட்டு நின்றிருந்தது. நஞ்சுக்கொடி கருப்பை வாயை அடைத்துக்கொண்டு கிடக்கிறதோ என்று உனக்குப் பயம். அப்படியிருந்து வீட்டிலேயே வலி எடுத்தால் தாயும் பிள்ளையும் தங்காது. முதல் தடவை அவளுக்கும் படம் விழவில்லை. "சும்மா சும்மா அலைய முடியாதும்மா, நடவு கெடக்குது" என்று அவள் புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு தடவைக்குச் சம்மதிக்க வைத்தாய். வழியில் ஏதாவது ஆகிவிடுமோ என்று நீயும் அவர்களோடு பஸ் ஏறினாய்.

சைதாப்பேட்டையில் பஸ் மாறி, வெயிலில் காய்ந்து என் அறைக்குள் வந்து நின்றாய். உதடெல்லாம் வெடித்திருந்தது. கூஜாவைத் தூக்கி மடக்கு மடக்கென்று குடித்தவள் பாதியில் நிறுத்தினாய்.

"நானும் குடிக்கலடி."

"என்னத்தை?"

"தண்ணி. காலையிலேர்ந்து. பஸ்ஸுல போகணும்னா நான் குடிக்கவே மாட்டேன். நீ குடிப்பியா?"

நானும் குடிக்க மாட்டேன். குடித்துவிட்டு எங்கே போவது? ஆம்பளைகளுக்கு ரோட்டோரம் பூராவும் இருக்கிறது. கன்னியம்மாவைப் பார்த்தோம். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "விடியல்ல கொஞ்சம் நீராகாரம் குடிச்சேன். டாக்டரம்மா கேக்கும்போது இல்லன்னு எப்படிச் சொல்றது?" என்றாள்.

முதலில் அவளுக்குக் கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று காட்டினாய். அப்புறம் சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுத்தாய். ஊர்க்கதை கேட்டுக்கொண்டே நீயும் அவளோடு சேர்ந்து குடித்தாய். வெளியே புருஷன், கடைசி பஸ் போய்விடும் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். கன்னியம்மா நெளிய ஆரம்பித்ததும் படுக்க வைத்தேன். படம் விழுந்தது. நஞ்சு வாயை முழுக்க மூடிக்கொண்டு கிடந்தது. சந்தோஷமா பயமா என்று தெரியாமல் கருவியை மறுபடியும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன்.

நீ புருஷனை உள்ளே கூப்பிட்டு, திரையில் விரல் வைத்தாய். "இது வாசக்கதவுன்னு வச்சுக்கோ. இந்த நஞ்சு அதுக்குக் குறுக்கே கெடக்குது. பிள்ளை எந்த வழியா வரும், நீயே சொல்லு" என்றாய். அவன் திரையை ரொம்ப நேரம் பார்த்தான். "அப்ப இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் பஸ்ஸுக்குப் போனான்.

ஒன்பதாம் மாதம் ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. கன்னியம்மா ஊர் திரும்பிய பிறகு வந்த பெண்கள் யாரும் "குடிச்சேன்" என்று சொல்லவில்லை. உள்ளே நுழைந்ததும் "தண்ணி எங்கம்மா?" என்று அதிகாரமாகக் கேட்டார்கள். அங்கே போய்க் குடிச்சுக்கலாம், கக்கூஸ் இருக்குது, டாக்டரம்மாவும் கூடவே உக்காந்து குடிக்கும் என்று அவள் சொல்லி அனுப்பியிருக்கிறாள். நீ அன்றைக்கு நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாய்.

நீ இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போனதில் எனக்கு இன்னும் கோபம்தான். இப்போது மெஷின் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. அதைத் தூக்கிக்கொண்டு உன் ஊர்களுக்கு மாதம் ஒரு தடவை போகிறேன். போனதும் வயிற்றைத் தொடுவதில்லை. "எப்படிம்மா வந்தே?" என்று கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை காத்திருக்கிறேன். போன தடவை ஒருத்தி, ஷேர் ஆட்டோ கிடைக்காததையும், ஏரிக்கரையில் நடந்ததையும் சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"நடுவுல புடவையில ரத்தம் பட்டுச்சும்மா. இதெல்லாம் உங்ககிட்ட சொல்லலாமா?"

சொல்லு என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.