லைன் வீடுகளை எண்ணிய ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்கா,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். அவர் நைட் ஷிப்டுக்குப் போயிருக்கிறார். பாப்பாவைப் பள்ளியில் சேர்க்கும் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். 'ஊர்' என்ற இடத்தில், யோசிக்காமலே, சொந்த ஊரான தேனியை விட்டுவிட்டு நம் ஊர்ப் பெயரை எழுதிவிட்டேன். எழுதியதும் உங்கள் ஞாபகம். நீங்கள் மாமியாரைப் பார்த்துக்கொள்ள சிங்காரப்பேட்டைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது.

பாப்பா கைக்குழந்தையாக இருந்தபோது நான் செய்த காரியம் உங்களுக்கு மறந்திருக்காது. பஸ் கேட்டு ஊரே மனு கொடுத்திருந்தது. எத்தனை பேர் குடியிருக்கிறோம் என்று பார்க்க ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். லைன் வீட்டு வாசலில் நான்தான் நின்றேன். "எங்க பேரெல்லாம் சொந்த ஊர்லதான் சார் இருக்கு. இங்க சும்மா வாடகைக்கு இருக்கோம்" என்றேன். அடுத்தடுத்த வீடுகளிலும் அதையே சொன்னார்கள். இங்கே எழுதிக்கொண்டால் அங்கே ரேஷன் கார்டில் பேர் போய்விடும் என்ற பயம். பூட்டிக் கிடந்த வீடுகளைப் போலவே எங்களையும் தாண்டிப் போனார் அவர். அவ்வளவு பெரிய ஊர், காகிதத்தில் பாதியாகிவிட்டது. ஆள் போதாது என்று பஸ் வரவில்லை.

அடுத்த மாதம் பாப்பாவுக்குக் காய்ச்சல். ரோஜாத் தோட்ட வேலைக்குக் கிளம்பிய நீங்கள், வேலையை விட்டுவிட்டு மெயின் ரோடு வரை என்னோடு நடந்தீர்கள். மத்திகிரி ஆஸ்பத்திரிக்குப் போக ஷேர் ஆட்டோ வரும்வரை உங்கள் முந்தானையை அவள் தலைக்குமேல் பிடித்துக்கொண்டே நின்றீர்கள். கணக்கெடுக்க வந்தவரிடம் நான் சொன்னதை அப்போதுதான் அழுதபடி உங்களிடம் சொன்னேன்.

"காலேஜ் படிச்ச பொண்ணு நீ. தண்ணி இங்க குடிக்கிற, புள்ளய இங்க பெத்த. ஆளு மட்டும் தேனியிலயா இருக்க?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

கம்பெனி ஆட்கள் வீட்டிலிருக்கும் ஞாயிறாகப் பார்த்து என்னையும் கூட்டிக்கொண்டு ஊர் ஆட்களை நாமே எண்ணக் கிளம்பினீர்கள். ஒரு வாசலில் கன்னடம், அடுத்த வாசலில் தெலுங்கு என்று பேசினீர்கள். ரோஜாவை இருபது இருபதாகக் கட்டிய பழக்கம், இருபது பேர் ஆனதும் "ஒரு கட்டு ஆச்சு, கோடு போடு" என்பீர்கள். ஓர் அறையில் நாலு பேர்தான் என்றார்கள்; வாசலில் ஒன்பது ஜோடி செருப்பு. "ஏன் தம்பி, மீதி அஞ்சு ஜோடியும் தானா நடந்து வந்துச்சா?" என்றீர்கள். போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல், "நானும் இருக்கேன் அக்கா" என்றது.

கார்டு எங்கும் போகாது என்று விளக்கிச் சொல்வது என் வேலை. கிராம சபையில் பட்டியலைப் படித்தபோது எனக்கு வரி தவறிக்கொண்டே இருந்தது. என் முதுகில் உங்கள் கை இருந்தது. அதற்கு நன்றி என்று இதுவரை சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

அதன் பிறகுதான் காலையும் மாலையும் பஸ் வந்தது. பாப்பாவின் தடுப்பூசி, கெலமங்கலம் சந்தை, நான் வேலைக்குப் போவது எல்லாம் அதில்தான். இப்போது ஆள் போதவில்லை என்று காலை பஸ்ஸை நிறுத்தப் போவதாகப் பேச்சு. புதிதாகக் குடிவந்தவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. பள்ளி வேன் நம் ஊருக்குள் வராது. பஸ் நின்றுவிட்டால் பாப்பாவை எப்படி அனுப்புவேன்?

இந்த ஞாயிறு வீடு வீடாக எண்ண நானே போகப்போகிறேன். கதவைத் தட்டும் தைரியம் உங்களிடமிருந்து வந்துவிட்டது, தெலுங்குதான் வரவில்லை. கடைசி வரிசை முழுக்க இப்போது தெலுங்குக் குடும்பங்கள். 'வீட்டில் எத்தனை பேர், பயப்படாமல் சொல்லுங்கள்' என்பதைத் தெலுங்கில் எப்படிக் கேட்பது என்று தமிழ் எழுத்தில் எழுதித் தாருங்கள்.

உங்கள் பழைய நம்பர் போகவில்லை. லைன் வீட்டு ஓனர் நாளை உங்கள் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வருகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சீக்கிரம் பதில் போடுங்கள், அக்கா.