காற்றாட ஒரு மாடி

என்னங்க,

மொட்டை மாடிக்கு மேல் சரிவாகத் தகரக் கூரை போட நான் கொத்தனாரிடம் பேசி முடித்தேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அவருக்குப் போன் போட்டு வேண்டாம் என்றீர்களாமே? அவர் தலையைச் சொறிகிறார்: "சாயங்காலம் காத்தாட உக்கார சாருக்கு மாடி வேணுமாம்க்கா."

காற்றாடவா! கோடையில் பத்து நாள் வந்து நாற்காலி போட்டு உட்காருகிறவருக்கு மாடி அழகாகத்தான் இருக்கும். இந்த வடக்கு மலையூரில் பனிக்காலம் வந்தால் மாடியில் இடுப்பளவு வெண்பனி கிடக்கிறது. மண்வெட்டியோடு ஏறி வாரிக் கொட்டுவது யார்? ஒருநாள் விட்டாலும் உருகி உள்ளே ஒழுகுகிறது. அதுவும் கட்டிலில் உங்கள் பக்கம்தான். மூன்று வருடமாக அங்கே வாளிதான் படுத்திருக்கிறது.

"பனி விடட்டும், வர்றேன்" என்று வருடாவருடம் சொல்கிறீர்கள். அதைப் பற்றி நான் எழுதவில்லை. கூரையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன்: "பனி வாருறவ நான். எங்கிட்ட கேளுங்க." பனி தானாகச் சறுக்கி விழும்படி, நல்ல சரிவாக, நாளைக்கே தகரம் ஏறுகிறது.

கூரை முடிந்ததும் வாளியை எடுத்துவிடுவேன். அந்த இடத்தில் என்ன வைப்பது என்று மட்டும் நீங்கள் சொன்னால் போதும்.

பனிக்காலத்திலும் இந்த வீட்டிலேயே இருப்பவள்