வளைவுத் தாரில் தேயிலை நார்

மச்சான்,

இன்று காலை நம் வளைவுக்குப் புதுத்தார் போட வந்தார்கள். தார் காய்ச்சும் வாடை வீடு வரைக்கும் வந்தது. வெறும் தார் வாடைதான், தேயிலை கருகும் மணம் அதில் இல்லை. அதனாலேயே உன் நினைப்பு வந்து, பிடித்த பிடி விடவில்லை.

தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே இருக்கும் அந்த வளைவுக்கு நீ எத்தனை தரம் தார் போட்டிருப்பாய்! மாசி வெயிலில் தார் இளகி இறக்கத்தில் வழிந்துவிடும், கல் மட்டும் பல்லைக் காட்டும். லொறி சறுக்கினால், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா உன்னைத்தான் திட்டுவார். ஒருநாள், தேயிலை சலித்த பின் மிஞ்சிய நாரையும் பஞ்சையும் அள்ளிப் பார்த்துக்கொண்டே கேட்டாய்: "மண்ணுல மானாப்புல்லு மிதிச்சா சொவரு நிக்கிதுல்ல? தாருல இதப் போட்டா என்னா?"

கழிவுத் தேயிலை ஒரு பிடிகூட வெளியே போகக்கூடாது. நல்ல தூளில் கலந்து விற்றுவிடுவார்கள் என்ற பயம். ஸ்டோர் சாவி என் இடுப்பில் இருந்தது. "டீமேக்கர் ஐயாகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ எடுத்துட்டுப் போ" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி. தொழிற்சாலைக்குப் பொறுப்பான அவர் முதல் நாள் கோபமாக இருந்தார். மறுநாள் மறந்துபோனேன். மூன்றாம் நாள் நினைவிருந்தும் நாக்கு எழவில்லை.

நீ முதலில் ஈரமாகவே கொட்டி, தார் பொங்கி, உன் புருவம் கருகியதுதான் மிச்சம். பிறகு தகரத்தில் வறுத்துப் போட்டாய். "தாருக்கு டீ ஊத்திக் குடுக்கிறியா?" என்று கேலி செய்தேன். அன்று சேர்ந்து எவ்வளவு சிரித்தோம்.

மூன்றாவது மூட்டையோடு வாட்சர் உன்னைப் பிடித்தான். ஆபீஸ் வாசலில் வைத்து, யார் கொடுத்தது என்று துரை கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். "எனக்குத் தெரியாதுங்க" என்றேன். நீ என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "விக்கலீங்க, ரோட்டுலதான் போட்டேன். வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னாய். வளைவு கூப்பிடு தூரம்தான். ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து உன் பேரை வெட்டினார்கள். இந்தியாவுக்குப் போவதா வேண்டாமா என்று, இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் கிடைத்த பாஸ்போர்ட்டைப் பெட்டியிலேயே வைத்திருந்த நீ, வேறு வழியில்லாமல் புறப்பட்டாய். ஹட்டன் ஸ்டேசனில் பிள்ளைகள் அழுதுகொண்டிருக்க, ரயில் ஜன்னல் வழியாகச் சொன்னாய்: "மாசி வெயில்ல அது வழியுதான்னு பாத்து ஒரு கடுதாசி போடு மச்சான்."

நான் போடவில்லை. வழியவில்லை என்று எழுதினால் அடுத்த வரியில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்குத் துணிச்சல் இல்லாமல் வருசங்களைக் கடத்தினேன். கடைசியில் அங்கிருந்து உன் சாவுச் செய்திதான் வந்தது.

இன்று பழைய தாரைக் கொத்தியவர்கள் அந்த வளைவில் மட்டும் திணறினார்கள். ஓவர்சியர் ஒரு கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "நாரு மாதிரி என்னமோ கலந்திருக்கே. நீங்க பழைய ஆளாச்சே, இத யாரு போட்டது?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க" என்றேன். வேலையை விட்டு நின்ற பிறகு இனி யாருக்குப் பயம்? வாய் அப்படியே பழகிவிட்டது. வெட்கமாக இருக்கிறது. நாளை அவரிடம் போய் உன் பேரைச் சொல்ல வேண்டும். சொல்வேனா என்று எனக்கே நம்பிக்கை இல்லை. நீ கேட்ட கடுதாசியையாவது எழுதிவிடுகிறேன்.

வழியல மச்சான். ஒரு மாசியிலயும் வழியல.