பொட்டு வைத்த ஒரு படமும் மூன்று எபிரேயச் சொற்களும்

பாசமுள்ள முனுசாமி அண்ணனுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் மோசே என்று எழுதினால்தான் கடிதம் கைக்கு வருமோ என்னவோ, அதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். ஞானஸ்நானத்தில் உங்களுக்கு வைத்த பெயர் அம்மாவின் வாயில் கடைசிவரை நுழையவில்லை. எனக்கும் முனுசாமி அண்ணன்தான்.

முதலில் வீட்டுச் சேதி. அண்ணி ஈப்போ வீட்டைப் பூட்டிவிட்டுக் கமுந்திங்கில் மகளோடு போய் இருக்கிறார். முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. உங்கள் மோட்டார் சைக்கிளை மருமகன் ஓட்டுகிறார். சபையில் புதன்கிழமை வேதபாடத்தை இப்போது வேறொருவர் நடத்துகிறாராம். "அவரு சீக்கிரம் முடிச்சிடுறாரு" என்றார் அண்ணி. குறையாகச் சொன்னாரா, நிம்மதியாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் எபிரேய நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. "ஒங்கிட்டதானே எல்லாத்தையும் சொல்லுவாரு, நீயே வச்சிக்க லா" என்று அண்ணி கொடுத்துவிட்டார். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவள் வீட்டில் எபிரேய நோட்டு. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

ஜெலாப்பாங் தொழிற்சாலையில் வேலை ஓய்வு கிடைத்ததும் மற்ற ஆண்கள் மீன் பிடிக்கப் போனார்கள், நீங்கள் எபிரேயம் படிக்கப் போனீர்கள். கைப்பேசியில் பாடம் கேட்டு, தடித்த அகராதியைப் புரட்டி, வலமிருந்து இடமாகக் கோணல் கோணலாக எழுதி, சனிக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். சபையில் சொன்னால் ஏன் நீட்டுகிறீர்கள் என்று கேட்டார்களாம். அதனால் நான் அகப்பட்டேன்.

ஒரு சனிக்கிழமை நான் கோழி வெட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் நாற்காலியை அடுப்படி வாசலில் போட்டுக்கொண்டு விக்கிரகத்துக்கு எபிரேயத்தில் என்ன சொல் என்று ஆரம்பித்தீர்கள். பெசெல். செதுக்கியது என்று பொருள். மோசே இரண்டாம் முறை கற்பலகை செய்தாரே, கட்டளை எழுத, அதைச் செதுக்கியதற்கும் அதே வினைச்சொல்தானாம்.

"அப்ப செதுக்குறது தப்பில்ல ராஜம். செதுக்கிட்டு அதையே கடவுள்னு கும்பிடுறதுதான் தப்பு" என்றீர்கள்.

"இத முப்பது வருசத்துக்கு முன்னாடி படிச்சிருக்கலாம்லண்ணே" என்றேன்.

நீங்கள் குனிந்து நோட்டைப் புரட்டினீர்கள். நானும் கோழியை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. எதைச் சொல்கிறேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இதை வாசிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது, அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கிறிஸ்தவரான புதிதில் ஜெபக்குழுவிலிருந்து மூன்று பேர் நம் வீட்டைச் சுத்தம் பண்ண வந்தார்கள். சாமி படங்களை இறக்கி அரிசிச் சாக்கில் போட்டீர்கள். அதே வரிசையில் கடைசியாக அப்பா படம் இருந்தது. ஆயர் தாவார் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அப்பாவுக்கு இருந்த ஒரே படம். செத்துப்போனவர் என்பதால் அம்மா சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார். பொட்டும் மாலையும் இருந்தால் அதுவும் விக்கிரகம்தான் என்று வந்தவர்களில் ஒருவர் சொன்னார். நீங்கள் ஒரு நிமிடம் நின்றீர்கள். பிறகு அதையும் சாக்கில் போட்டீர்கள். சாக்கு ஈயம் தோண்டிய பழைய குட்டைக்குப் போனது.

பாசாரிலிருந்து திரும்பிய அம்மா காய்கறிப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. சுவரைப் பார்த்தார். "சாமிய எடுத்துட்ட, சரி, சாமி திரும்பி வரும். ஒங்கப்பன் எப்படிடா திரும்பி வருவான்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு உங்களுக்குச் சோறு போட்டார், பேசினார், உங்கள் பிள்ளைகளை வளர்த்தார். ஆனால் படங்கள் மாட்டியிருந்த ஆணிகளைக் கடைசிவரை யாரையும் பிடுங்கவிடவில்லை.

அப்பா சாகும்போது எனக்கு ஒன்பது வயது, உங்களுக்குப் பதினான்கு. நான் உங்கள் மேல் எவ்வளவு ஆத்திரப்பட்டேன் என்று உங்களுக்கு முழுதாகத் தெரியாது, அண்ணே.

மறுவாரம் அடுத்த சொல்லோடு வந்தீர்கள். மிஷ்பாத். தமிழ் வேதாகமத்தில் நியாயத்தீர்ப்பு என்று போட்டிருக்கிறது, கேட்டாலே எல்லாரும் நெருப்பை நினைத்துக்கொள்கிறார்கள் என்றீர்கள். அனாதைக்கும் விதவைக்கும் அதைச் செய் என்று தீர்க்கதரிசிகள் கேட்கிறார்களாம். விதவையை யாராவது நெருப்பில் போடச் சொல்வார்களா? குற்றவாளிக்குத் தண்டனை கொடுப்பதும் அதில் உண்டு, ஆனால் அதோடு முடிவதில்லை, பறிகொடுத்தவனுக்கு அவனுடையது திரும்பக் கிடைத்து, கோணிப்போனது நிமிர வேண்டும் என்று விளக்கினீர்கள்.

பிறகு நோட்டை மூடினீர்கள். "அம்மா ஒரு விதவை. அவங்ககிட்ட இருந்த ஒண்ணையும் நான் பிடுங்கிட்டேன். திருப்பிக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. நீயாச்சும் மன்னிச்சிடேன் தங்கச்சி" என்றீர்கள்.

"தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்றேன்.

இப்போது எனக்குக் கஷ்டமான பகுதி வருகிறது. நீங்கள் அப்படிக் கேட்டபோது பக்கத்து அறை அலமாரியில், என் புடவைக்கு அடியில், அப்பா இருந்தார்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு ஆயர் தாவாரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். தோட்டத்து லய வரிசையில் நமக்குப் பக்கத்து வீட்டில் இருந்த மாரியாயி அக்கா பழைய கல்யாணப் படம் ஒன்றைக் காட்டினார். பின்வரிசையில் மூன்றாவதாக அப்பா நிற்கிறார். "ஒங்கப்பாதான் புள்ள, கொண்டு போ" என்று படத்தையே கொடுத்துவிட்டார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். காட்ட அம்மா உயிரோடு இல்லை. உங்களுக்கு உடனே போன் பண்ண வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம், ஒரு வாரம் போகட்டும், அம்மா பட்டதில் கொஞ்சமாவது படட்டும் என்று தோன்றியது.

வாரம் மாதமானது. பிறகு ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பீர்களே என்ற வெட்கம் வந்தது. நீங்கள் மன்னிப்புக் கேட்ட அன்று எழுந்துபோய் எடுத்து வந்திருக்கலாம். நாலு எட்டு நடந்தால் அலமாரி. நான் நடக்கவில்லை. நானே கோணலாக்கிக்கொண்டிருந்தேன், நீங்கள் எனக்கு நிமிர்த்துவதைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

மருத்துவமனையில் கடைசி வாரம், மூக்கில் குழாயோடு, அப்பா முகம் எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். "கண்ண மூடினா வரமாட்டேங்குது ராஜம். மூக்கு எப்படி இருக்கும்?"

"எனக்கும் ஞாபகம் இல்லண்ணே" என்றேன்.

அதுதான் நான் உங்களிடம் கடைசியாகச் சொன்ன முழு வாக்கியம். பொய். அப்பாவுக்கு உங்கள் மூக்குதான் அண்ணே, நடுவில் லேசாக மேடு தட்டியது. நெற்றி என்னுடையது. வேட்டியும் வெள்ளைச் சட்டையும், சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறார். உங்களைப் புதைத்துவிட்டு வந்த அன்று படத்தை வெளியே எடுத்து வெகுநேரம் பார்த்தேன். உங்களைவிட நான் செய்ததுதான் பெரிது. நீங்கள் தெரியாமல் எறிந்தீர்கள். நான் தெரிந்தே ஒளித்தேன்.

மூன்றாவது சொல்லை நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லை. நோட்டில்தான் படித்தேன். பெரீத், உடன்படிக்கை. எபிரேயத்தில் உடன்படிக்கை 'செய்தார்கள்' என்பதில்லை, 'வெட்டினார்கள்' என்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆபிரகாம் கிடாரியையும் ஆடுகளையும் பிளந்து எதிரெதிரே வைத்தார். நடுவே நடக்கிறவர், வாக்குத் தவறினால் எனக்கும் இந்தக் கதி என்று ஒப்புக்கொள்வதாகப் பொருள். இரண்டு பேரும் நடக்க வேண்டிய இடத்தில் கடவுள் மட்டும் நடந்தார், ஆபிரகாம் அயர்ந்து தூங்கினார் என்று எழுதி அடியில் கோடு போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் எதிரில் இருப்பவர் தூங்கும்போதும் ஒருவர் வாக்குக் கொடுக்கலாம் என்று எடுத்துக்கொண்டேன். தப்பாக இருந்தால் திருத்த நீங்கள் இல்லை.

போன வாரம் ஈப்போ கடையில் கொடுத்து அப்பாவை மட்டும் பெரிதாக்கி இரண்டு படம் எடுத்தேன். என்னுடையதற்குப் பொட்டு வைத்துவிட்டேன். உங்கள் வீட்டுக்கானதில் ஒன்றும் வைக்கவில்லை, அண்ணி இஷ்டம்.

இந்தச் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கமுந்திங் போகிறேன். படத்தை அண்ணி கையில் கொடுப்பேன். எங்கே கிடைத்தது என்று கேட்பார், சொல்வேன். எப்போது கிடைத்தது என்றும் கேட்பார். அதற்கும் உண்மையைத்தான் சொல்வேன், அண்ணே. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்களோடு ஒரே வயிற்றில் பிறந்த தங்கை,
ராஜம்மா
ஜெலாப்பாங்